ஊருக்கெல்லாம் சொன்ன கடன்

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வாடகைக்குப் போனபோது, சாவியைக் கையில் கொடுத்த வீட்டுக்காரர் இரண்டு விஷயங்களைச் சொன்னார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், ஜாக்கிரதை. எதிர் வீட்டு அம்மாவிடம் எதையும் சொல்லிவிடாதீர்கள், அதைவிட ஜாக்கிரதை. நான் லிஃப்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டேன்.

பால் காய்ச்சிய அன்றே எதிர் வீட்டு அம்மா கிண்ணத்தில் கேசரியோடு வந்தார். "அடி பிடிச்சிடுச்சும்மா. மேலாப்புல எடுத்துட்டு வந்திருக்கேன், தைரியமா சாப்பிடு" என்றார். நான் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் அவருக்குப் பித்தப்பையில் கல் இருப்பது, ரேஷன் கார்டில் இருக்கும் வயது பொய் என்பது, அவர் கணவரின் குறட்டை, எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் கொசுவலைக்காகப் போட்ட சண்டை எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகும்போது, "உன் ஜாக்கெட்டுல பின்னாடி ஒரு கொக்கி போடலை" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர் சொன்னதன் அர்த்தம் புரிந்தது.

நான் உண்டாகியிருந்தபோது மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று நானும் என் கணவரும் பேசி வைத்திருந்தோம். ஒரு நாள் லிஃப்டில் அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நார்த்தங்கா ஊறுகா வேணுமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பே போதுமானதாக இருந்தது. சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது வாட்ச்மேன், "மெதுவா ஏறுங்கம்மா" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வந்த என் மாமியார், தனக்குப் பாட்டி பட்டம் கிடைக்கப்போகிற செய்தியைச் சந்து முனைப் பூக்காரம்மாவிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்.

ரொம்ப நாள் நான் அக்காவோடு பேசவில்லை. அவரே வந்து கதவைத் தட்டினார்.

"கோவமா?"

"ஆமாக்கா."

"தப்புதான். ஆனா என்னால முடியல கண்ணு. ஒரு விஷயத்தை உள்ள வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. சொல்லித் தொலைச்சிட்டா நிம்மதியா இருக்கு."

சொல்லித் தொலைச்சிடறது. அதுதான் அவர் வார்த்தை. அதில் விஷம் கிடையாது. யாரைப் பற்றியும் இல்லாததைச் சேர்த்துச் சொல்ல மாட்டார். பின்னால் பேசுவதைவிட முகத்துக்கு நேரே சொல்வதுதான் அதிகம். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலையில் விக் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்போம். ஆடி மாதக் காற்றில் மொட்டை மாடியில் சங்கக் கூட்டம் நடந்தபோது அக்கா மட்டும் எழுந்து, "சார், காத்து பலமா இருக்கு, நாம கீழ போயிடலாம். உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார். கூட்டம் கீழே நடந்தது. செயலாளர் அதற்குப் பிறகு அக்கா இருக்கிற லிஃப்டில் ஏறுவதில்லை.

அக்காவின் கணவரை நாங்கள் சார் என்போம். துவாக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிற பட்டறை. கையில் எப்போதும் எண்ணெய்க் கறை. பேச்சு மட்டும் கிடையாது. வீட்டில் பேச வேண்டிய மொத்தப் பேச்சையும் அக்காவே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் வரவில்லை என்று என் கணவர் கேலி செய்வார். அவர்களுக்கு ஒரே மகள், பெங்களூரில் வேலை.

என் குழந்தைக்கு ஒரு வயது ஆகியிருந்த சமயம். உறையூரில் அக்காவின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நல்ல வெயில். ஆட்டோவில் வரும்போதே கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தவர், மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் என்னை நிறுத்தினார்.

"இங்க பாரேன். கழுத்து என்ன பச்சையா இருக்கு?"

பார்த்தேன். அவருடைய மூன்று வடச் சங்கிலி படிந்திருந்த இடத்தில் பச்சையாக ஒரு கோடு. வியர்வையாக இருக்கும் என்றேன்.

"எனக்கு எப்பக்கா பச்சையா வேர்த்துது?" என்று என்னையே அக்கா என்றார். பதற்றத்தில் உறவுமுறை மாறிவிட்டது. சங்கிலியின் கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்பூச்சு தேய்ந்து உள்ளே செம்பு தெரிந்தது. ஒன்றும் பேசாமல் சங்கிலியைப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். சரி, கல்யாண வீடு, வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அவரை எனக்கு அப்போதும் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்ததும் பக்கத்து இலையில் இருந்த உறவுக்காரப் பெண், "சங்கிலி பளிச்சுனு இருக்கே, பாலிஷ் போட்டியா?" என்றார்.

"சங்கிலியே வேற. கவரிங்கு. இப்பதான் எனக்கே தெரிஞ்சுது" என்றார் அக்கா. கூடவே பரிமாறுகிறவரிடம், "தம்பி, இங்க கொஞ்சம் மோர்க்குழம்பு" என்றார்.

பந்தியே சிரித்தது. யாரும் நம்பவில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த சார் மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த வடையை அப்படியே இலையில் வைத்துவிட்டு, இலையை மூடி எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டி, குழந்தையோடு வா என்று கூட்டிப் போனார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சார் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தயங்கி நின்றேன்.

"நீ உக்காரு. மூணாவது ஆள் இருந்தாதான் இவரு பாதில நிறுத்த மாட்டாரு" என்றார் அக்கா. பிறகு சார் பக்கம் திரும்பி, "சொல்லுங்க" என்றார்.

சார் சொன்னார். வேலை கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனி திடீரென்று ஆர்டரை நிறுத்தியது. முடித்துக் கொடுத்த வேலைக்கும் பணம் வரவில்லை. பட்டறையில் இருந்தவர்களுக்குக் கூலி கொடுக்க பேங்கில் வாங்கினார். பேங்குக்குக் கட்ட ஃபைனான்ஸ்காரரிடம் வாங்கினார். ஃபைனான்ஸ்காரருக்கு வட்டி கட்ட பீரோவிலிருந்த நகைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடகு வைத்து, அதே மாதிரி கவரிங் வாங்கி அந்தந்தப் பெட்டியில் வைத்தார். நகை தீர்ந்ததும் போனிலேயே கடன் கொடுக்கிற ஒரு ஆப். அதை அடைக்க இன்னொரு ஆப். அதை அடைக்க மூன்றாவது. வீட்டை விற்றாலும் கொஞ்சம் பாக்கி நிற்கும் என்ற இடத்தில் வந்து நிறுத்தினார்.

அக்கா குறுக்கே பேசாமல் கேட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

சார் தரையைப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னா ஊருக்கே தெரிஞ்சிடும்."

அந்த வார்த்தை அக்காவைக் குத்தியது முகத்தில் தெரிந்தது. கண் கலங்கியது. கழுத்துப் பச்சையைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சா என்ன ஆவும்?"

"அசிங்கம்."

"அவ்வளவுதானா?"

அக்கா என்னைப் பார்த்து, "பாப்பாவுக்குத் தூக்கம் வந்துடுச்சு பாரு, நீ போம்மா" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பால்கனியில் துணி காயப் போடப் போனபோது எதிர்ப் பால்கனியில் அக்கா போனோடு உட்கார்ந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காதில் வைத்தால் சூடாகிறதாம்.

"அண்ணி, நான்தான். எல்லாரும் சௌக்கியமா? நாங்க கடன்ல முழுகியிருக்கோம் அண்ணி. இல்லைல்ல, உங்ககிட்ட பணம் கேக்கறதுக்குப் போன் பண்ணல. வேற யாராவது கண்ணு மூக்கு வெச்சுச் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடலாம்னு. ஆமா, நகையெல்லாம் போச்சு. கல்யாணத்துல நான் சொன்னேனே, நீங்கதானே சிரிச்சீங்க?"

வைத்துவிட்டு அடுத்த நம்பர். இப்படி மத்தியானம் வரை போனது. சிலர் பாதியில் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டார்கள். ஒரு ஓரகத்தி அழுதார். அக்கா அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. பணம் கேட்கப்போவதில்லை என்று உறுதியானதும் எல்லோருக்கும் பாசம் ஊறிவிட்டது. அந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு லால்குடியிலிருந்து ஒரு மூட்டை அரிசியும் முசிறியிலிருந்து ஒரு தார் வாழைப்பழமும் வந்தன. அந்தப் பழத்தில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்தது.

உறவுக்காரர்கள் முடிந்ததும் பால்காரர், இஸ்திரி போடுகிறவர், மருந்துக் கடைக்காரர், கோயிலில் தெரிந்த பட்டர் என்று நேரில் சொல்லிக்கொண்டு போனார். செயலாளர் துணிந்து ஒரு நாள் லிஃப்டில் ஏறினார்.

"மேடம், நீங்க இதை வெளில சொல்லாம இருந்தா நல்லது. ஃபிளாட்டுக்கெல்லாம் மதிப்பு குறைஞ்சிடும்."

"எங்க கடனுக்கும் உங்க ஃபிளாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்? அது என்ன ஒட்டுவாரொட்டியா?" என்றார் அக்கா.

சார்தான் பாவம். அந்த நாட்களில் அவர் படிக்கட்டில் சுவரோரமாக இறங்குவார். யாராவது வணக்கம் சொன்னால் எதற்குச் சொல்கிறார்கள் என்பதுபோலப் பார்ப்பார். அக்கா செய்வது சரியா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவர் தன் நிம்மதிக்காகச் சொல்லித் தொலைக்கிறார்; அதன் கனம் முழுக்க இந்த மனுஷன் தலையில் விழுகிறதே என்று தோன்றியது. ஃபைனான்ஸ்காரர் வந்த அன்றைக்குத்தான் அந்த எண்ணம் மாறியது.

காந்தி மார்க்கெட் பக்கத்து ஆள். புல்லட்டில் வந்து கீழே நிறுத்திவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே மேலே பார்த்துக் கத்துவது அவர் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அடுக்ககத்தின் எல்லா ஜன்னல்களுக்கும் கேட்க வேண்டும், அதுதான் கணக்கு. அன்றும் கத்தினார். "வாங்கும்போது இனிச்சுதா? வட்டி எங்க?" என்று தொடங்கி இன்னும் என்னென்னவோ.

சார் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு கையிலும் தண்ணீர்ச் செம்பை ஒரு கையிலும் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். எல்லா ஜன்னல்களிலும் தலைகள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. எவ்வளவு நேரம் வண்டிலயே உக்காந்து கத்துவீங்க? தண்ணி குடிங்க. அப்பறம் ஒரு விஷயம், மூணாவது மாடில ஒரு பெரியவரு இருக்காரு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். நீங்க சொன்னது அவருக்குக் கேட்டிருக்காது. நான் அவருக்குத் தனியாச் சொல்லிட்டேன். மத்தபடி இந்த பில்டிங்ல எல்லாருக்கும் தெரியும்."

அந்த ஆள் மேலே பார்த்தார். ஜன்னல்களில் இருந்தவர்களில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இரண்டாவது மாடி டீச்சர், "எங்களுக்குப் போன வாரமே சொல்லிட்டாங்க" என்று ஊர்ஜிதமும் செய்தார். புல்லட்காரருக்கு அடுத்து என்ன கத்துவதென்று தெரியவில்லை. இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வீட்டை விக்கப் போறோம். வித்த அன்னைக்கு உங்க அசலை உங்க கைல குடுத்துடறோம். இன்னையோட வட்டியை நிறுத்துங்க" என்றார் அக்கா.

"அதெப்படிம்மா நிறுத்தறது?"

"ஏறிட்டே போனா வித்தாலும் அடையாதுண்ணே. அப்பறம் நீங்க வருவீங்க, கத்துவீங்க, நான் நாற்காலி போடுவேன். இதே வேலையா இருக்கணுமா நமக்கு?"

நெடுநேரம் பேசினார்கள். வட்டியை அவர் முழுசாக விடவில்லை. பாதியாக்கினார். புறப்படும்போது செம்பைத் திருப்பிக் கொடுத்து, "சாரை வெளில வரச் சொல்லுங்கம்மா. நான் ஒண்ணும் கடிச்சிட மாட்டேன்" என்றார்.

ஆப்காரர்கள் வேறு ரகம். அவர்களுக்கு முகம் கிடையாது, குரல் மட்டும்தான். ஒரு முற்பகலில் நான் அக்கா வீட்டில் இருந்தபோது சாரின் போன் அடித்தது. சார் அதைத் தேளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அக்கா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். இளவயதுக் குரல். காதில் விழக்கூடாத வார்த்தைகளாகக் கொட்டிவிட்டுக் கடைசியில், "உன் புருஷன் போன்ல இருக்கற எல்லா நம்பரும் எங்ககிட்ட இருக்கு. அவன் போட்டோவைப் போட்டுத் திருடன்னு எல்லாருக்கும் அனுப்புவேன்" என்றது.

"அனுப்புப்பா. எங்க ஓரகத்தி நம்பர் மாத்திட்டாங்க. இவரு போன்ல பழசுதான் இருக்கும், புதுசு சொல்றேன், குறிச்சுக்கறியா?"

மறுமுனையில் சத்தமில்லை.

"போட்டோ எதைப் போடப் போற? ஆதார் கார்டுல இருக்கறது வேணாம், அதுல இவரு நெஜமாவே திருடன் மாதிரி இருப்பாரு. எங்க பொண்ணு காலேஜ் முடிச்சப்ப எடுத்தது ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?"

போன் வைக்கப்பட்டது. சார் முதலில் இருமுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறார். தோள்கள் குலுங்க, கண்ணில் நீர் வர, சத்தமே இல்லாமல் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சொன்னபடியே அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. பால்காரருக்கு வந்தது, கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு வந்தது. பால்காரர் அந்த நம்பருக்கே கூப்பிட்டு, "இதெல்லாம் அந்தம்மா எப்பவோ சொல்லிட்டாங்கப்பா, புதுசா ஏதாவது இருந்தா அனுப்பு" என்று சொன்னதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். அந்தச் செய்திகளையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுத்தார்கள். துணைக்கு நானும் போனேன். வரிசையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அக்கா தன் கதையைப் பக்கத்து நாற்காலியில் இருந்த பையனிடம் சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பையனும் அதே மாதிரி ஆப்பில் மாட்டியவன், வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான். "முதல்ல போய் உங்கம்மாகிட்ட சொல்லித் தொலை, அப்பறம் போலீசுகிட்ட சொல்லலாம்" என்று அவனை அனுப்பியே விட்டார். அவன் சாயங்காலம் அம்மாவோடு திரும்பி வந்ததாக, மறுபடி ஸ்டேஷனுக்குப் போன அன்று அங்கிருந்த ஏட்டு சொன்னார். போன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றன.

எல்லாம் இப்படிச் சுபமாகவே முடிந்ததென்று சொல்ல முடியாது. மகளுக்கு ஒரு வரன் கூடி வந்திருந்தது. பையன் வீட்டார் கரூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கூட்டத்தைச் சமாளிக்க நானும் போயிருந்தேன். பையனின் அம்மா சொஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கு ஒரே பொண்ணு, இந்த வீடும் பின்னாடி அவளுக்குத்தானே" என்று சிரித்தார்.

"வீட்டை விக்கப் போறோங்க. கடன் இருக்கு" என்றார் அக்கா. எவ்வளவு, யாருக்கு, எப்படி வந்தது எல்லாம் சொன்னார்.

வந்தவர்கள் பஜ்ஜியைத் தொடாமல் போனார்கள். பிறகு பேச்சே இல்லை.

மகள் தாயைப் பார்த்து நின்றாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. "உண்மையைச் சொல்ல ஒரு நேரம் காலம் இல்லையாம்மா? அவங்க சொஜ்ஜியை முழுங்கற வரைக்குமாவது உன்னால இருக்க முடியாதா?"

"நாளைக்குத் தெரிஞ்சா உன்னைத்தான்டி குத்திக் காட்டுவாங்க."

"நாளைக்கு வர்றதை நான் பாத்துக்க மாட்டேனா? அது என்னோட வாழ்க்கைம்மா. என்னைக் கேட்டியா?"

அக்கா பஜ்ஜித் தட்டுகளை எடுத்து அடுக்கினார். மகள் அன்றே பெங்களூர் போய்விட்டாள். மாதக்கணக்கில் அப்பாவிடம் மட்டும் பேசினாள். அந்த மாதங்களில் அக்காவின் குரல் தாழ்ந்திருந்தது. என்னிடம் ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டே, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்துகொண்டிருந்தார்.

ஆனால் வீடு விற்கும்போது பழைய ஆள் திரும்பிவிட்டார். புரோக்கர் பார்ட்டிகளைக் கூட்டி வருவார். அக்கா அவர்களை நேரே குளியலறைக்கு அழைத்துப் போய், மேலே கசிவு இருக்கும் இடத்தைக் காட்டுவார். லிஃப்ட் நிற்கும் என்பார். கொசு வரும் நேரத்தைச் சொல்வார். புரோக்கர் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, பார்ட்டி வர்றப்ப நீங்க கோயிலுக்குப் போயிட்டு வாங்கம்மா. பெருமாள் உங்களுக்கு வேண்டியதைச் செய்வாரு."

"நான் கோயிலுக்குப் போனா கசிவு நின்னுடுமா?"

வாங்கியவர் அந்தக் கசிவுக்கென்று ஒரு தொகையைக் குறைத்துத்தான் வாங்கினார். சாருக்கு அதில் மனவருத்தம். அந்தத் தொகை இருந்தால் ஒரு சின்னக் கடனாவது தீர்ந்திருக்கும். "வேற ஒருத்தன் தலைல ஒழுக விட்டுட்டு நாம கரையேறவா?" என்று அக்கா கேட்டபோது அவர் எதிர்த்துப் பேசவில்லை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

ஃபைனான்ஸ்காரர் கணக்கு அசலும் பாதி வட்டியுமாக முடிந்தது. பேங்க்காரர்கள் பேசி முடித்தார்கள். பாக்கியை மாதாமாதம் கட்டுவதென்று ஆனது. ஜீயபுரத்தில் குறைந்த வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு பிடித்துப் போனார்கள். சார் தன் லேத்தை விற்றுவிட்டு, முன்பு தன்னிடம் வேலை பார்த்தவன் ஆரம்பித்த பட்டறையிலேயே கூலிக்குச் சேர்ந்தார். அவன் பழக்கத்தில் அவரை முதலாளி என்றே கூப்பிடுகிறான் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அக்காவும் வேலைக்குப் போனார். திருச்சிக் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை. ஒரு வாரம்கூட ஓடவில்லை. "இது சாயம் போகும்மா, வெளிர் துணியோட ஊறப் போடாத" என்று ஒரு கல்யாணக் கூட்டத்திடம் சொல்லிவிட்டார். அவர்கள் மூட்டையாக எடுத்து வைத்திருந்ததையெல்லாம் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி சம்பளத்தைக் கையில் கொடுத்து, "நீங்க நல்லவங்கம்மா, எனக்குக் கட்டாது" என்றாராம். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கத்திலேயே வாழை இலை வியாபாரி ஒருவரிடம் இலை நறுக்கி அடுக்கிக் கட்டுகிற வேலை. இலையோடு யாரும் பேச வேண்டியதில்லை, அதனால் நிலைத்தது.

இதற்கிடையில் நாங்களும் மாற்றலில் ஓசூர் போய்விட்டோம். போனில்தான் பேச்சு. மகள் ஒரு வழியாக அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எல்லாவற்றையும் அவளே அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டாளாம். "எனக்குச் சொல்ல ஒண்ணுமே மிச்சம் வைக்கல" என்று அக்கா குறைபட்டுக்கொண்டார்.

போன வருஷம் திருச்சிக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது ஜீயபுரம் போனேன். வாசலில் கால் வைத்ததுமே, "கடைசித் தவணை ஆடிக்குள்ள முடிஞ்சிடும்" என்றார் அக்கா. பிறகுதான் வா என்றார். தெருவில் போன ஒருவர், "ஆடியா? ஆவணின்னீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனார். இலை போட்டுச் சாப்பாடு. ரசத்தில் உப்பு கூடிவிட்டதை நான் சாப்பிடுவதற்கு முன்னாலேயே சொன்னார். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் விட்டு வரச் சொல்லி சாரை அனுப்பினார். மொபெட்டில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போனோம். பஸ் வரவில்லை. சார் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நின்றார். அவரோடு தனியாக நின்றது அதுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை. அவரே பேசினார்.

"அந்த உறையூர்க் கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் கொள்ளிடம் பாலத்துல வண்டிய நிறுத்திட்டு நின்னேன்மா. அது உங்களுக்குத் தெரியும்ல?"

எனக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். "தெரியாது சார்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தண்ணியையே பாத்துட்டு நின்னேன். ரொம்ப நேரம். அப்ப ஒரு பெரியவரு வந்து, சமயபுரம் போறியாப்பா, என்னை ஏத்திக்கறியான்னு கேட்டாரு. ஏத்திட்டுப் போயி எறக்கி விட்டேன். அப்படியே வீட்டுக்கு வந்துட்டேன். கல்யாணத்தன்னைக்கு நீங்க எழுந்து போனப்பறம் இவகிட்ட சொன்னேன்." நிறுத்திவிட்டு, "உங்ககிட்ட சொல்லியிருப்பான்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன். உங்ககிட்ட அவ சொல்லாதது என்ன இருக்கு?" என்றார்.

"சொல்லலை சார். ஒரு தடவைகூட."

"பொண்ணுக்கும் தெரியாது. பேச்சுக் குடுத்துப் பாத்தேன்." அவர் வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப யாருக்குமே சொல்லலை" என்றார், தனக்குத்தானே.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கி முடிப்பதற்குள் அக்காவிடமிருந்து போன்.

"பஸ் கெடச்சுதா? உக்கார எடம் இருக்கா?"

"இருக்குக்கா."

"வழில இவரு ஏதாவது பேசினாரா?"

ஜன்னலுக்கு வெளியே காவிரி தெரிந்தது.

"பட்டறையில புது மிஷின் வந்திருக்காம்க்கா. அதைப் பத்திச் சொல்லிட்டிருந்தாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா."

"அதானே, அவருக்கு வேற என்ன பேசத் தெரியும்" என்று அக்கா பெரிதாகச் சிரித்தார். ஸ்பீக்கரில் போட்டிருப்பார்; அந்தப் பக்கம் யாரோ சேர்ந்து சிரிப்பது கேட்டது.